குரங்கைத் திட்டிய குற்றம்

நாமக்கல் பக்கத்து மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் மாதம்மாளின் தொண்டை பிரசித்தம். மிளகுக் காட்டில் நின்று புருஷன் செங்கோடனைக் கூப்பிட்டால், அடுத்த மேட்டில் இருக்கிறவர்கள்தான் முதலில் "ஏனுங்க?" என்பார்கள்.

மகள் சுமித்ரா நாமக்கல்லில் கல்லூரி படிக்கிறாள். லீவில் வந்தால் அம்மாவும் தானுமாகச் சாமைச்சோறு ஆக்குவதை, மரவள்ளி பிடுங்குவதைச் செல்லில் எடுத்துத் தன் சேனலில் போடுவாள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் யாரோ ஒருவன் அவர்கள் வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டு, மேலே எழுதியிருந்தான்: "குளிக்காத மலைக்கூட்டம். இதுங்க தொட்டதை மனுசன் தின்பானா?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

"இனி நான் வீடியோவுல மொகத்தக் காட்ட மாட்டேம்மா. காலேஜே பாத்துட்டுது" என்றாள் சுமித்ரா. அந்த வரி ஒழிந்தால்தான் மகள் பழையபடி வருவாள் என்று மாதம்மாளுக்குப் பட்டது.

வீடியோ கம்பெனிக்குப் புகார் போனது. உடனே பதிலும் வந்தது: "நன்றி. இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை."

"நன்றியெல்லாம் சொல்றான், நல்ல மனுசன்தான். கண்ணுதான் தெரியல போல" என்றாள் மாதம்மாள்.

அதே வாரம் குரங்குகள் பலாவில் இறங்கின. சுமித்ரா செல்லைப் பிடித்திருக்க, மாதம்மாள் மரத்தைப் பார்த்து முழங்கினாள்: "உங்க வம்சத்தையே இந்த மலைய விட்டுத் தொரத்தறன் பாருங்கடா!" குரங்குகள் இலைக்குள் ஒளிந்துகொண்டன. படத்தில் மாதம்மாள் மட்டுமே இருந்தாள்.

போட்ட மறுநாளே அந்த வீடியோவைக் கம்பெனி எடுத்துவிட்டது. ஒரு சமூகத்தின்மேல் வெறுப்பைத் தூண்டினாளாம்.

"அம்மா சொன்னது குரங்குகளை" என்று சுமித்ரா எழுதிப்போட்டாள். மனிதர்களைக் குரங்கு என்பது இன்னும் கடுமையான குற்றம் என்று சேனலையே ஒரு வாரம் முடக்கிவிட்டார்கள்.

மாதம்மாள் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தாள். "கொரங்குக்குக் கேக்க ஆளிருக்குது. நமக்குத்தான் இல்ல. அந்த எழுதுனவன் யாரு கண்ணு?"

அவன் பக்கத்தின் முகப்புப் படத்தில் கடைப் பலகை பளிச்சென்று தெரிந்தது: தனபால் பாத்திரக்கடை, சேந்தமங்கலம்.

"அட, நாம இட்லிப்பானை வாங்குன கடை! கெளம்பு சாமி."

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுமித்ரா பஸ்ஸில் பின்னாலேயே வந்தாள்.

"வாங்க, வாங்க. என்ன பாக்கறீங்க?" என்றார் தனபால், பல்லெல்லாம் தெரிய.

"ஒரு வரி பாக்கோணுங்க. கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க." செல்லை நீட்டினாள்.

தனபாலின் பல் மறைந்தது. டம்ளர் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னங்க எழுதியிருக்குது?"

"அது... சும்மா தமாசுக்குங்க."

"தமாசுங்களா? அப்ப என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எல்லாருஞ் சிரிக்கலாம்."

தனபால் தன் செல்லை எடுத்துத் தடவினார், தட்டினார். அவசரத்தில் எதை அமுக்கினாலும் இன்னொருமுறை பகிரட்டுமா என்றே அது கேட்டது.

சுமித்ராவுக்குப் பொறுக்கவில்லை. துப்பட்டாவைத் தள்ளிவிட்டு முன்னே வந்தாள். "மேல மூணு புள்ளி இருக்குதுல்லீங்க, அதுல போங்க. ம். அழி."

வரி போயிற்று.

"டீ சொல்லட்டுங்களா?" என்றார் தனபால், தரையைப் பார்த்து.

"வேண்டாமுங்க. அப்புறம் டம்ளரத் தூக்கிப் போடோணும், உங்களுக்குத்தான் நட்டம்" என்றாள் மாதம்மாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சுமித்ரா செல்லை நீட்டிப் பிடித்தாள். "இப்படி நவுந்து வாம்மா."

"அதான் பூட்டி வெச்சிருக்காங்களே!"

"எடுத்து வெச்சுக்கலாம். ஒரு வாரந்தான?" என்றவள், படத்துக்குள் தன் முகத்தையும் கொண்டுவந்தாள்.