ஸ்லாவ்கா தள்ளிவிட்ட போர்வைகள்

ஓரெஸ்ட் பிலாக் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அகன்ற தோள், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். மெயின் தெருவில் நானும் என் கணவரும் நடத்திய துணிக்கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. மனைவி ஸ்லாவ்காவை வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே அவளும் நானும் போர்வைகளைப் பிரித்துப்போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம்.

ஸ்லாவ்கா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். பின்வரிசைப் பயல்களை ஸ்டீரிங்கை விடாமலே அடக்கிவிடும் குரல் அவளுக்கு. அதே குரலில்தான் கடையிலும் பேசுவாள். "படுக்கையறைல பாதி இடத்தக் கட்டில்தான் புடிச்சுக்குது வெர்னா. அது மேல கெடக்கிறது அசிங்கமா இருந்தா அறையே அசிங்கம்தான்" என்பாள். துணியைக் கைக்குள் கசக்கி விரித்துப் பார்ப்பாள், கன்னத்தில் வைத்துத் தேய்ப்பாள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடிப்பாள். பனிக்காலத்துக்கு இறகுப் போர்வையும் அதன்மேல் அடர்சிவப்புக் கம்பளியும். பனி உருகினால் நீலப் பூப் போட்ட, பஞ்சு வைத்துத் தைத்த பருத்திப் போர்வை. கோடையின் கொசுக் காலத்தில் மெல்லிய வெள்ளை விரிப்பு ஒன்றே ஒன்று. அறுவடை தொடங்கினால் கடுகு மஞ்சள். வயல் தூசு வீட்டுக்குள் பறக்கிற மாதத்தில் வெள்ளை விரிக்கிறவள் பைத்தியக்காரி என்பது அவள் கட்சி. எதை எடுத்தாலும் வீட்டு மெஷினில் துவைக்க முடிகிறதா என்று கேட்காமல் வாங்க மாட்டாள்.

அவளுக்கு எப்போதும் குளிர், அவருக்கு எப்போதும் புழுக்கம். அவள் மூக்கு வரை இழுத்துப் போர்த்தினால் அவர் இடுப்புக்குக் கீழே தள்ளுவாராம். கல்யாணம் ஆன நாள் முதல் நடக்கிற வழக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஓர் இலையுதிர் காலத்தில், ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சமையலறைத் தரையில் சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. மிச்சம் இருந்தவை இரண்டே சொற்கள். ஒன்று "இல்ல", இன்னொன்று "சனியனே". பாதிரியார் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபம் செய்து முடித்ததும் அவள் நன்றி சொல்ல முயன்றாள். வாயில் வந்தது இரண்டாவது சொல். நல்ல மனிதர், ஆமென் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய நாள்காட்டிப்படி ஜனவரியில் வரும் அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முன்பாக அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படுக்கையறைக்கு இனி ஏற முடியாது. முன்னறையில் சன்னலை ஒட்டி, தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டார்கள். சக்கரம் வைத்த ஒடுக்கமான கட்டில், இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. ஓரெஸ்ட் எதிர்ச்சுவர் ஓரத்து சோபாவில் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஓரெஸ்ட் முதல் முறையாகக் கடைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையணை உறைகளுக்கு நடுவே வழி தவறியவர்போல நின்றார்.

"வெர்னா, ஒரு போர்வ வேணும்."

"எந்த மாதிரி?"

"போத்திக்கிற மாதிரி."

நான் நாற்காலி போட்டு உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டேன். வெளியே மைனஸ் நாற்பது டிகிரிக் குளிர் ஆயிற்றே என்று மாடியிலிருந்து வாத்து இறகுப் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார். அவள் இடது கையால் அதைத் தரையில் தள்ளிவிட்டாள். மறுபடி போர்த்தினார், மறுபடி தள்ளினாள். அந்தப் போர்வை கனம், பாதி உடம்பு அசையாதவள் அதற்கு அடியில் எப்படிப் புரள்வாள் என்று நான் சொன்னேன். பாரமே இல்லாத செயற்கைப் பஞ்சுப் போர்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தார். காய்ந்த குளிரில் அதைத் தொடும்போதெல்லாம் சுரீரென்று மின்பொறி பறக்கிறதாம். அதையும் தள்ளிவிட்டாள்.

வின்னிபெக் நகரத்திலிருந்து மகள் தாரியா மின்சாரப் போர்வை அனுப்பினாள். வாரந்தோறும் வந்து பார்க்கும் நர்ஸ் மார்லிஸ் அதைக் கண்டதும் செருகியைப் பிடுங்கிவிட்டாள். உணர்ச்சி இல்லாத பக்கம் சுட்டால் ஸ்லாவ்காவுக்குத் தெரியாது, தோல் வெந்துபோகும் என்று ஓரெஸ்டைக் கடிந்துகொண்டாள். அடுத்து மெல்லிய கம்பளி கொடுத்தேன். கழுத்தில் அரிக்காமல் இருக்க அதற்கு அடியில் போர்த்தும் மெல்லிய துணியின் மேல்பகுதியைக் கம்பளிக்கு வெளியே மடித்துவிடச் சொன்னேன். அவர் பெரிய விரல்களால் அதை அப்படியே செய்து பழகினார். அடியில் ஃபிளானல் என்ற மிருதுவான துணி விரிப்பு போட்டோம். கால்மாட்டில் ஒரு கொசுவம் விட்டால் பாதத்தை அழுத்தாது என்று மார்லிஸ் காட்டிக்கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் அவள் உடம்பும் கதகதப்பாகவே இருந்தது. ஆனாலும் காலையில் போர்வை தரையில்தான் கிடந்தது.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. காபிக் கடையில் வசில் என்ற அவருடைய பழைய கூட்டாளி, "என்னய்யா ஓரெஸ்ட், கெடங்கு வேலைய விட்டுட்டுப் போர்வை ஏவாரம் ஆரம்பிச்சுட்டியாமே" என்று சீண்டினான். ஓரெஸ்ட் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். வசில் அன்று மாலையே ஒரு பானை பீட்ரூட் சூப்போடு அவர் வீட்டு வாசலில் நின்றானாம்.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் மறுபடி கடைக்கு வந்தார். கையில் எதுவும் இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நேத்து அவளப் பாத்துக் கத்திட்டேன்" என்றார். "ஒனக்கு என்னதான்டி வேணும், வாயத் தொறந்து சொல்லேன்னு கேட்டுட்டேன். வாயில்லாதவகிட்ட."

ஸ்லாவ்கா என்ன செய்தாள் என்று கேட்டேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாளாம். அதன் பிறகு இரவு முழுக்கப் போர்வையைத் தள்ளவே இல்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இத்தனை நாளாக அவரும் நானும் மார்லிஸும் தாரியாவும் மாறி மாறித் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட அவளைத் தவிர வேறு யாரும் தேர்ந்தெடுத்தது இல்லை.

"அவளக் கூட்டிட்டு வாங்க ஓரெஸ்ட். அவளே பாத்து எடுக்கட்டும்."

"அவளால பேச முடியாதே."

"கை இருக்குல்ல, ஒண்ணு."

தெருவில் சேறு காய்ந்த பிறகு கூட்டிவந்தார். வசில்தான் சக்கர நாற்காலியைப் படியில் தூக்கிவிட உதவினான். ஸ்லாவ்கா தலையைப் படிய வாரி, நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது. பிறகு அவள் கையை உருவிக்கொண்டு அலமாரிகளைக் காட்டினாள். வந்த வேலையைப் பார் என்ற மாதிரி.

ஒவ்வொன்றாக மடியில் போட்டேன். ஒற்றைக் கட்டிலுக்கான விரிப்புகள், பருத்தி, ஃபிளானல், பஞ்சு வைத்துத் தைத்தவை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கசக்கிப் பார்த்தாள், "இல்ல" என்றாள். நல்ல பச்சை ஒன்று இருந்தது, அவளுக்குப் பிடித்த நிறம். அதையும் பிரித்துப் பார்த்து அகலத்தைக் கண்டதும் "இல்ல" என்று தள்ளினாள். ஓரெஸ்ட் பெருமூச்சு விட்டு வாசலைப் பார்த்தார்.

அவள் நாற்காலிச் சக்கரத்தை ஒரு கையால் தள்ள முயன்றாள். நாற்காலி வட்டமடித்தது. நான் பிடித்து, அவள் பார்க்கிற பக்கமாகத் தள்ளினேன். மூலை அலமாரியில் பெரிய கட்டிலுக்கான விரிப்புகள் இருந்தன. வெளிர்பச்சையில் சின்னச் சின்ன மஞ்சள் கட்டம் போட்ட ஒன்றைத் தொட்டு இழுத்தாள். கனமில்லாத பருத்தி நெசவு, துவைக்கத் துவைக்க மிருதுவாகும்.

"ஸ்லாவ்கா, இது ரெட்டைக் கட்டிலுக்குள்ளது" என்றேன். "ஒன் கட்டில்ல போட்டா ரெண்டு பக்கமும் தரையக் கூட்டும்."

"இல்ல."

அதன் ஒரு நுனியைத் தன் மடியில் போட்டு ஒழுங்காக நீவிவிட்டாள். மறு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரெஸ்டைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினாள். அவர் வந்து உட்கார்ந்தார். சுருட்டியிருந்ததை அவர் முழங்கால்மேல் எறிந்தாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"எனக்கும் சேத்தா?" என்றார் கடைசியில். "எனக்கு வேர்க்குமேடி."

"சனியனே" என்றாள் ஸ்லாவ்கா. விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

அந்த வாரமே சோபாவை வெளியேற்றினார்கள். மாடியிலிருந்து பெரிய கட்டிலை இறக்க வழியில்லை என்பதால் தாரியா சின்ன வயதில் படுத்த ஒற்றைக் கட்டிலை இறக்கி, ஸ்லாவ்காவின் கட்டிலை ஒட்டிப் போட்டார் ஓரெஸ்ட். அது ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடத் தாழ்வாக இருந்தது. நான்கு காலுக்கும் மரக்கட்டை அறுத்து முட்டுக் கொடுத்து, மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்தார். மார்லிஸ் வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டு பக்கமும் வழி இல்லாமல் நோயாளியை எப்படிப் புரட்டிவிடுவது, எப்படித் துடைப்பது என்று கேட்டாள். ஓரெஸ்ட் சக்கரத்தின் பூட்டை விடுவித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒரு கையால் நகர்த்திக் காட்டினார். பிறகு திரும்பத் தள்ளி, நடுத்தடுப்பை இறக்கி, பூட்டினார். மார்லிஸ் கட்டிலை உலுக்கிப் பார்த்தாள். சன்னல் பக்கத் தடுப்பு மட்டும் எப்போதும் ஏறியே இருக்க வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டாள்.

உள்ளே போர்த்துவது அவரவர்க்குத் தனி. அவளுக்கு ஃபிளானலும் மெல்லிய கம்பளியும், அவருக்கு வெறும் பருத்தித் துணி. அதற்கு மேலே இரண்டு கட்டிலையும் மூடி அந்தப் பச்சை விரிப்பு. அவருக்குப் புழுங்கினால் தன் பக்கத்தை மடித்துவிடலாம், அவளை அது தொந்தரவு செய்யாது. பழைய வழக்குக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தது. தள்ளிவிடுவது அதோடு நின்றது என்று கதை கட்ட மாட்டேன். கோபம் வந்தால் அப்புறமும் தள்ளினாள். சூப்பில் உப்பு குறைந்ததற்குக்கூட ஒருநாள் தள்ளினாளாம். ஆனால் காலையில் அது கட்டில்மேலேயே இருந்தது.

கொசுக் காலம் வந்ததும் மறுபடி கடைக்கு வந்தார்கள், பிறகு அறுவடைக்கு முன்பும். அதற்குள் ஓரெஸ்டுக்குத் துணி பிடிபட ஆரம்பித்திருந்தது. என் கையில் இருந்ததைத் தடவிப் பார்த்து, இது இரண்டு துவையலில் உருண்டை உருண்டையாகத் திரளும், வேண்டாம் என்றார். உண்மைதான். ஆனால் நிறம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மாம்பழ மஞ்சளையும் கடுகு மஞ்சளையும் ஒன்று என்பார். ஸ்லாவ்கா கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளுக்குச் சில சொற்கள் திரும்பி வந்தன. முதலில் வந்தது "சிவப்பு". பனிக்கால விரிப்பு எடுக்க வந்தபோது கடை நடுவில் வைத்துச் சொன்னாள். சொன்னது அவளுக்கே நம்ப முடியாமல் மறுபடி சொல்லிப் பார்த்தாள். ஓரெஸ்ட் கடையில் இருந்த சிவப்பு எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுவந்து அவள் மடியில் குவித்தார்.

அப்படி ஆறு பனிக்காலம் இருந்தாள். மருத்துவர்கள் சொன்னதைவிட அதிகம். தோலில் ஒரு புண் வரவிடவில்லை என்று மார்லிஸ் மற்ற வீடுகளில் ஓரெஸ்டை உதாரணம் காட்டுவாள். ஒரு கோடையில் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் தாரியாவும் அவரும் பக்கத்தில் இருக்கப் போய்ச்சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலை வண்டி வந்து எடுத்துப்போன அன்று என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். முன்னறை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. தாரியா தன்னோடு வின்னிபெக் வந்துவிடச் சொல்கிறாள் என்றார். போகப்போகிறீர்களா என்று கேட்டேன். தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகுதான் யோசிக்க வேண்டும் என்றார். ராஸ்பெர்ரி ஜாம் தடவிய ரொட்டியை என் தட்டில் வைத்தார். இந்த வருஷம் பழம் நன்றாகக் காய்த்திருக்கிறது, போகும்போது ஒரு வாளி பறித்துக்கொண்டு போங்கள் என்றார். இரண்டு பேருமாகக் கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பறித்தோம்.