தபால்காரர் முழங்காலுக்கு வந்த ஆறு உறைகள்

அந்தத் தபால்காரருக்கு அலுவலகத்தில் ‘ரயில்’ என்று பெயர். நேரம் தவறமாட்டார் என்பதற்காக வைத்தது. நிஜ ரயில்களுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது வேறு விஷயம். முப்பத்தொரு வருஷம், அதே பதினோரு தெரு. அவர் நடந்த தூரத்தை நூலாகச் சுற்றி வைத்திருந்தால் நிலாவுக்கு ஒரு சட்டை தைத்து, மிச்சத்தில் கைக்குட்டையும் போட்டிருக்கலாம். எட்டாவது தெரு நாய் அவர் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் கொட்டாவி விட்டு எழும். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட, அது மறுநாள் வரை தூங்கியதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவரின் இடது முழங்கால் ஒரு மழைநாளில் படி இறங்கும்போது ‘கடக்’ என்றது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். முன்பக்கமாக இறங்கினால் உயிர் போகிறது என்று படிகளில் பின்பக்கமாக இறங்கப் பழகிக்கொண்டார். அதைத்தான் அதிகாரி பார்த்துவிட்டார்.

“ரயிலு எப்ப இருந்துங்க ரிவர்ஸ்ல ஓடுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். அதிகாரி மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்தினார்.

“ஆறு வாரம் லீவு எடுத்துக்கங்க. கால் சரியாயிடுச்சுன்னு சீட்டு கொண்டு வந்தா உங்க தெரு உங்களுக்கு. இல்லன்னா உள்ள உக்காந்து தெருவாரியா கடிதம் பிரிக்கணும். அப்புறம் மாத்த மாட்டாங்க, பாத்துக்கங்க.”

கடிதம் பிரிக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே மழை பெய்வது கூட, நனைந்து வருகிறவர்களைப் பார்த்துத்தான் தெரியும். நாள் முழுக்க ஒரே நாற்காலி. அன்று சாயங்காலமே அவர் வைத்தியம் தேடிக் கிளம்பினார்.

டயர் கடைக்கு மேலே விளையாட்டு மருத்துவ கிளினிக் ஒன்று இருந்தது. காத்திருந்தவர்கள் எல்லாம் இருபது வயசுப் பந்தாட்டக்காரர்கள். நடுவில் இவர், நரைத்த மீசையும் பழைய செருப்புமாக.

“நான் எந்த ஆட்டமும் ஆடினதில்லம்மா,” என்றார் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம், ஏதோ தப்புப் பண்ணியவர் மாதிரி.

“தினம் எவ்வளவு நடப்பீங்க?”

“பதினாலு கிலோமீட்டர் இருக்கும்.”

“வெளிய உக்காந்திருக்கானுங்களே, அதுல ஒருத்தனும் ஒரு ஆட்டத்துல அவ்வளவு ஓடறதில்ல. படுங்க.”

காலை மடக்கினாள், நீட்டினாள், அமுக்கினாள். தொடைத் தசை பலம் போய்விட்டதாம், பாரம் முழுக்க மூட்டில் இறங்குகிறதாம். ஒரு அணியோடு மூன்று வாரம் வெளியூர் போகவேண்டியிருந்ததால் ஆறு உறைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தாள். மேலே எண். உள்ளே பயிற்சித் தாள்.

“வாரத்துக்கு ஒண்ணு. அடுத்ததை அந்தந்த வாரம்தான் பிரிக்கணும்.”

தலையைத் தலையை ஆட்டினார். கெட்டது அங்கேதான். முப்பத்தொரு வருஷமாக ஒரு உறையைக் கூட ராத்தங்க விடாத மனிதர் கையில் ஆறு உறை கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாள் முதல் உறையை முடித்தார். மிச்ச ஐந்தும் மேஜைமேல் உட்கார்ந்து அவரையே பார்த்தன. இரண்டாம் நாள் இரண்டு போயிற்று. நாலாம் நாள் ஆறாவது உறை: படியிலிருந்து இருபது தடவை குதிக்க வேண்டும்.

“என்னங்க, அது வாரக்கணக்குன்னுதானே சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“பையில மிச்சம் வெச்சுக்கிட்டு எப்படிப் படுக்கறது?”

“பைக்கு வலிக்காது. கால் யாருது?”

அவர் குதித்தார். இருபதுக்கு இருபத்திரண்டு. மறுநாள் காலை முழங்கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கிடந்தது. அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் ஐஸ் வைப்பதும், பெருமூச்சு விடுவதும், சுவரைப் பிடித்துக் கழிவறைக்குப் போவதும்தான். மனைவி ஐஸ் பையை மாற்றி மாற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

பிசியோ திரும்பி வந்ததும் கேட்டாள்: “எந்த உறையில இருக்கீங்க?”

“மூணாவது.”

“மத்ததைக் காட்டுங்க.”

எடுத்து வைத்தார். ஆறையும் நேர்த்தியாக, ஓரம் பிசகாமல் கிழித்திருந்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“எத்தன நாள்ல?”

“நாலு.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்க தேதிக்குள்ள முடியாது.”

“சீட்டுல ஒரு கையெழுத்துதானேம்மா…”

“போட்டுடுவேன். நீங்க மூணாவது தெரு தாண்டறதுக்குள்ள விழுவீங்க. அப்புறம் கத்திதான்.”

கடைசியில் அவளே அலுவலகத்துக்கு எழுதி இன்னும் ஆறு வாரம் அவகாசம் கேட்டாள். அதிகாரி ஒத்துக்கொண்டார், ஆனால் இதுதான் கடைசி என்று. அதுவரை லீவு கிடையாது; அந்த ஜன்னலில்லாத அறை, அந்த நாற்காலி. அவர் தெருக்களுக்குப் புதிதாக ஒரு தபால்காரப் பெண் போனாள்.

“இந்தத் தடவை தாளை உங்க கையில தரமாட்டேன். வாரா வாரம் தபால்ல அனுப்பறேன்,” என்று பிசியோ சொல்லிவிட்டாள்.

இப்போது நாலாவது வாரம். மூன்று உறைகளை அந்தந்த வாரத்தில் செய்து முடித்திருந்தார். காலையில் வழக்கம்போல விளக்கு வெளிச்சத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த எட்டாவது தெரு நாய் எப்படி? குரைக்குதா?” என்றார், தலை நிமிராமல்.

“பாவம், அது எங்க குரைக்குது? வாலை ஆட்டிக்கிட்டு பின்னாடியே வருது அண்ணே,” என்றாள் அவர் தெருக்களுக்குப் போகிற பெண்.

அடுத்த கடிதத்தை எடுத்தார். அவர் பெயர், அவர் முகவரி, பிசியோவின் கையெழுத்து. பசை சரியாக ஒட்டாமல் மூடி பாதி திறந்திருந்தது. ஒரு விரலை விட்டால் போதும். பிரிக்கிற அறையில் தன் கடிதமாக இருந்தாலும் எடுக்கக் கூடாது, அது வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், கை கேட்கவேண்டுமே. மேஜைக்கடியில் முழங்கால் விண்விண்ணென்றது.

கட்டைவிரலால் மூடியை அழுத்தி, பசை பிடிக்கும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு அதை, அந்தப் பதினோரு தெருவில் தன் வீடு இருக்கும் தெருவின் தட்டில் போட்டார்.

“இதை மறந்துடாதம்மா,” என்றார்.