பிரான்சிஸ் அண்ணை தந்த கடைசித் துண்டு

லண்டன் டூட்டிங்கில் பாரை மீனை வெட்டிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "உங்கடை அமெரிக்கா பிரான்சிஸ் விடியக்காலமை மோசம் போயிட்டார். கேள்விப்பட்டனீங்களோ?"

மறைந்த பிரான்சிஸ் அண்ணையை அறிந்தவர்களே, இனி அமெரிக்காவுக்கு யார் கதி? அந்த நாட்டில் அவர் கால் வைத்ததில்லை. கிழமை முழுக்க வங்கி அலுவலகங்களில் தரை துடைத்தவர். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து, பங்குக் கோயில் மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு எழுந்தாரென்றால் ஐம்பது மாநிலங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும்.

அமெரிக்கத் தலைவர்தான் அவருக்கு ஏழைகளின் காவலர். "படிச்ச கோட்டுக்காரர் எங்களை மனிசராப் பாக்கினமோ? இவன் ஒருத்தன்தான் எங்களுக்காகக் கதைக்கிறான்."

"சொந்தப் பிளேனிலை வாறவனுக்கு உங்கடை பஸ் நம்பர் தெரியுமோ, அண்ணை?" என்பேன் நான்.

"அவனிட்டைக் காசிருக்கு, தம்பி. அதாலை களவெடுக்கத் தேவையில்லை."

இந்தப் பொருளாதாரத்தைக் கேட்டு மண்டபத்து மட்டன் ரோல்ஸ் எல்லாம் விறைத்துப்போயின.

பூசையில் மன்றாட்டுகளை வாசிப்பவன் நான். யாருக்காவது செபிக்க வேண்டுமென்றால் துண்டுத் தாளில் எழுதித் தருவார்கள். அண்ணையின் துண்டு வாராவாரம் வரும்: அமெரிக்கத் தலைவரின் சுகத்துக்காக. பாப்பரசருக்கு அடுத்தபடியாக எங்கள் பங்கில் அதிகம் செபம் போனது அந்த மனிதருக்குத்தான்.

போன மாரிக்குளிரில் அண்ணையின் தம்பி யோசப்பை அமெரிக்காவில் பிடித்தார்கள். விசா இல்லாமல் பல வருடம் கோழித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். நாடு கடத்துவதற்காகத் தடுப்பில் வைத்தார்கள்.

"தலைவர் கள்ளரைத்தான் பிடிக்கச் சொன்னவர். கீழை இருக்கிறவங்கள் பிழை விட்டிட்டாங்கள்," என்றார் அண்ணை. குரல் மட்டும் கட்சி மாறியிருந்தது.

அந்த ஞாயிறு வந்த துண்டில் ஒரே வரி: என் தம்பி யோசப்பின் விடுதலைக்காக. முதல்முறையாகத் தலைவர் அதில் இல்லை. நான் சும்மா விடுவேனா? "அமெரிக்கத் தலைவர் நீடூழி வாழவும், அவர் பிடித்து வைத்திருக்கும் யோசப் விடுதலையாகவும் மன்றாடுவோமாக" என்று முழங்கினேன். கோயில் குலுங்கியது. பீடத்தில் சிறகு விரித்து நிற்கும் சம்மனசுகளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சிரித்த வாய் ஒன்றிலும் பதில் செபம் வரவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியே சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

தேநீருக்கு அண்ணை நிற்கவில்லை. அதன்பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. அடுத்த கிழமை யோசப்பைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துண்டுதான். அதிலுள்ள ஒரு வரியை, அவர் எழுதியபடி, இன்றுவரை ஒருவரும் வாசிக்கவில்லை.