படத்துக்கு வந்த அக்கா

எனக்கு ஒன்பது வயதில், படத்தில் நடிக்க வந்த ஓர் அக்காவோடு ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவுசெய்திருந்தேன். அம்மாவை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

அந்தப் படத்தில் பாட்டு, சண்டை ஒன்றும் கிடையாதாம். எங்களைப்போல இல்லாதப்பட்டவர்களின் கதையாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், எந்நேரமும் இரும்புத் தூசி படியும் எங்கள் தெருவில்தான் எடுக்கப்போகிறார்கள். இதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பான் என்று மாமா சிரித்தார். கதாநாயகி அக்கா முதலில் பத்து நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா புழங்குவதைப் பார்த்துப் பழகவேண்டும் என்று ஏற்பாடு.

விருந்தாளி வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான் தெரியும். நசுங்கிய பாத்திரங்களையும் துணிமூட்டையையும் அம்மா பக்கத்து வீட்டில் ஒளித்தாள். பீரோவில் இருந்த நல்ல சேலைகளாகக் கட்டினாள். அப்பா நாற்காலி இரவல் வாங்கி வந்தார். அக்கா எதைப் பார்க்க வந்தாளோ அதில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மூன்று நாள் கறிக்குழம்பு தின்றதுதான் அவளுக்கு மிச்சம்.

நாலாம் நாள் தண்ணீர் லாரி வந்தது. அம்மாவுக்கு விருந்தாளியும் மறந்தது, நல்ல சேலையும் மறந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு குடத்தோடு பாய்ந்தாள். நடுவில் நுழைந்த ஒருத்தியை உண்டு இல்லை என்று ஆக்கினாள். திரும்பினால் பின்னாலேயே அக்கா நிற்கிறாள். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. அக்காவோ அன்றிலிருந்து அம்மாவின் பழைய சேலையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, அவள் போகுமிடமெல்லாம் போனாள்.

எனக்கு அக்காமேல் பைத்தியமே பிடித்துவிட்டது. அம்மா கம்பெனியில் பெருக்கித் துடைத்துவிட்டு வந்த அலுப்பில் எரிந்து விழுவாள்; அக்கா சிரிப்பாள். படப்பிடிப்பு முடிந்த அன்று எனக்குத் தலைவாரிவிட்டாள். நான் நெளிந்தேன். சீப்பின் முதுகால் உச்சியில் ஒரு தட்டு தட்டி, "நேரா குந்துடி" என்றாள். தட்டிய இடத்தை உடனே உள்ளங்கையால் தேய்த்தும் விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்களே எனக்கு அம்மாவா இருங்கக்கா. என்னையும் கூட்டிக்கினு போங்க" என்றேன்.

வாசலில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள். அக்கா சட்டென்று சீப்பைக் கீழே வைத்தாள். அம்மாதான் சிரித்தாள். "கூட்டிக்கினு போம்மா. ரெட்ட சடை பின்னணும் இவளுக்கு, இல்லாங்காட்டி பேஜாரு பண்ணுவா."

சாயங்காலம் வேன் என்னை விட்டுவிட்டுத்தான் போனது. இரண்டு நாள் அழுதேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை.

படம் எங்கள் பக்கத்துத் தியேட்டர் எதற்கும் வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் போனில் கிடைத்தது. அம்மா நடந்து, பேசி ஒரு வீடியோகூட எங்களிடம் இல்லை. அக்கா குடத்தோடு வரும் இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இடுப்பை ஒருபக்கம் ஒடித்துக்கொண்டு அம்மாவேதான் வருகிறாள். அந்தச் சீப்புத் தட்டும், தேய்த்துவிடுவதும்கூட அம்மாவிடம் பார்த்துக் கற்றவைதான். தினம் காலையில் அதே தட்டை அம்மாவிடம் வாங்கிக்கொண்டு வலிக்கிறதென்று கத்திய எனக்கு, யாரோடு போகத்தான் அப்படி அழுகிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை.