விண்ணப்பத்தில் என் கைபேசி எண்

நடந்தது இது:

1. மாட்டுப்பட்டிக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிய ஓர் அறையில் கடலை மிட்டாய் செய்யும் அக்காவுக்கு அரசு உதவி கேட்டு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன். சிறுதொழில்களைக் கணினி முறைக்கு மாற்ற உதவும் திட்டம் அது. அதில் நான் ஒப்பந்தப் பணியாளர்.
2. அன்று கடைசி நாள். என் சிம்முக்கு ஒரு கோடு ரேஞ்ச் இருந்தது. அவர் சிம்முக்கு அதுவும் இல்லை. ஓடிபி வரவில்லை.
3. அவர் எண்ணுக்குப் பதிலாக என் எண்ணைப் போட்டேன்.
4. அதைப் பிறகு மாற்ற வேண்டுமானால் இரண்டு போனுக்கும் ஒரே நேரத்தில் ஓடிபி வர வேண்டும். இரண்டு முறை முயன்றேன். பிறகு மறந்துவிட்டேன். இல்லை, தள்ளிப்போட்டேன்.
5. மின்கட்டண ரசீது தெளிவாக இல்லை, பத்து நாளுக்குள் மறுபடி ஏற்றவும் என்று செய்தி வந்தது. அப்போது நான் எங்கள் ஊரான எலப்புள்ளியில், அண்ணன் கல்யாணத்தில் இருந்தேன். அந்தத் தளத்தின் செய்திகள் தினமும் குவிவதால் ஓசையில்லாமல் வைத்திருந்தேன்.
6. பதினோராம் நாள் விண்ணப்பம் தள்ளுபடியானது.

அக்கா கேட்டது எடைபோட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, தேதியோடு லேபிள் அடிக்கும் ஒரு மெஷின். அதோடு கணினி பில். மூணாறு ரிசார்ட்காரர்கள் லேபிள் இல்லாத பாக்கெட்டைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் மெழுகுவத்தியில் ஒட்டிய கவருக்குள் மிட்டாய் இரண்டே நாளில் நமுத்துவிடும். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலைக்குச் சம்பளமில்லா லீவு போட்டிருந்தார். மெஷின் கிடைத்தால் ராஜினாமா. கிடைக்காவிட்டால் லீவு முடிந்ததும் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு. அவருடைய முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதில்லை.

தள்ளுபடியைப் பார்த்த மறுவாரம் அவரைக் கடைத்தெருவில் சந்தித்தேன்.

"ஏம்மா, மெஷினுக்குப் போட்ட அபேட்ச என்னாச்சு?"

"ஆபீஸ்ல பெண்டிங்ல இருக்குதுங்க அக்கா."

"இருக்குதுங்க! உங்க ஊர்ல மாட்டுக்கும் 'ங்க' போடுவீகளோ?" என்று சிரித்து, ஒரு பாக்கெட் மிட்டாயை என் பையில் திணித்தார். அதை நான் தின்னவில்லை. தூக்கிப் போடவும் இல்லை.

மேலதிகாரியிடம் கேட்டேன். மூடிய விண்ணப்பத்தைத் திறக்க வழியில்லை என்றார். நான் போட்டுக் கொடுத்த மற்ற ஐந்து பேருடைய விண்ணப்பங்களிலும் என் எண்ணே இருந்தது. முதலில் அவர்களை ரேஞ்ச் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போய் அவற்றை மாற்றினேன். அது பொறுப்பா, அக்காவைப் பார்ப்பதைத் தள்ளிப்போட ஒரு சாக்கா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது போனேன். அவர் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, தப்பு ஆபீஸ்ல இல்லீங்க. மெசேஜ் என் போனுக்கு வந்துச்சு. நான் பார்க்கலை. பெண்டிங்னு சொன்னதும் பொய்ங்க."

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாகு முறுகிவிடும். தட்டில் ஊற்றி, பரப்பி, துண்டு போட்ட பிறகுதான் திரும்பினார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா அந்த ஆபீஸ்காரன வஞ்சுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப யார வைய?"

"என்னையே வையுங்க."

"வையணும்னுதான் வருது. இவ்வளவு தூரம் ஏறி வந்து சொன்ன பிள்ளைய எப்படி வைய? அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டியே" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்கவும் இல்லை.

நடந்ததை எழுதி, என் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை. அடுத்த சுற்று எப்போது என்ற அறிவிப்பும் வரவில்லை. அக்கா கொழுந்து எடுக்கப் போகிறார். சனிக்கிழமை மாலை மட்டும் மிட்டாய் போடுகிறார்.