ஜன்னலக்கா போட்ட சீட்டு

பேருந்து டிக்கெட் முன்பதிவுக் கடையில் உட்கார்ந்திருக்கும் அவளை எல்லாரும் ‘ஜன்னலக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசிப்பாள். குழந்தை வந்தால் ஜன்னலோரம்தான். பெரிய மனுஷன் ஒற்றைக் காலில் நின்று கேட்டாலும் கொடுக்கமாட்டாள். “நீங்க பாக்காத மரமா சார்? புள்ள பாக்கட்டும்” என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவளை நீதிமன்றம் வரை இழுத்தது ஒரு நஷ்டஈடு வழக்கு. போட்டவள் இப்போது வேலைக்குப் போகிற பெண். பள்ளிக்கூட வயதில், போட்டிக்கென்று வெளியூர் கூட்டிப்போகும்போதெல்லாம் நீச்சல் மாஸ்டர் பேருந்திலேயே தன்னிடம் தவறாக நடந்தார் என்பது அவள் புகார். மாஸ்டரோ, அவளைத் தனியாகக் கூட்டிப்போனதே இல்லை என்று கூசாமல் சாதித்தார். இப்படியும் ஒரு வாய்! கடையின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு தடவையல்ல, பல தடவை, மாஸ்டர் பெயரும் அவள் பெயரும் மட்டும், அடுத்தடுத்த இருக்கைகளில். மாஸ்டரின் வக்கீல் அசரவில்லை. அந்தப் பெயரில் வேறு யாராவது போயிருக்கலாமே என்றார். ஜன்னலக்காவின் சாட்சி எடுபடாவிட்டால் வழக்கு அவ்வளவுதான் என்று பெண்ணின் வக்கீலம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

“எத்தனையோ பேர் வந்து போற கடை. இந்தப் பொண்ணுதான்னு எப்படிம்மா அடிச்சுச் சொல்றீங்க?” என்று சாட்சிக் கூண்டில் நின்ற ஜன்னலக்காவை மடக்கினார் மாஸ்டரின் வக்கீல்.

ஜன்னலக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏன் சார் ஞாபகம் இருக்காது? மாஸ்டர் பக்கத்துலயே நின்னுச்சு. என் கடைக்கு வந்த புள்ளைங்கள்லயே ஜன்னல் வேண்டாம்னு சொன்னது இது ஒண்ணுதான். ‘அக்கா, நடக்குற வழிப் பக்கம் போடுங்க’ன்னு மெதுவா கேட்டுச்சு. நான்தான், ‘அடி அசடு, அங்க உக்காந்து என்னத்த பாப்பே’ன்னு கேலி பண்ணி, ஜன்னலையே போட்டு…”

தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது. ஜன்னலோரம் குழந்தை. எழுந்து வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டு பக்கத்தில் அந்த ஆள். கடவுளே, ஆசையாய்ப் பார்த்துப் பார்த்துப் போட்ட சீட்டு! கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாஸ்டரின் வக்கீல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வழக்கு ஜெயித்தது. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் அந்தப் பெண் ஜன்னலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னதாலதான் அக்கா நம்புனாங்க.”

“ஏன் வேண்டாங்கறேன்னு ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கலாமே கண்ணு. பாவி, எனக்குத் தோணலையே.”

அந்தப் பெண் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. கையையும் விடவில்லை.

“கேப்பீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்க்கா,” என்றாள்.