பண்டிகைக்குப் பண்டிகை உயர்ந்த வாசல்

மலேசியாவில், எங்கள் கிள்ளான் தாமான் குடியிருப்பில் பண்டிகை நெருங்கினால் பலகார வாசனைக்கு முன்னால் சிமெண்டு லோரி வந்துவிடும். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வீடு வாசலை உயர்த்தும், நோன்புப் பெருநாளுக்கு இன்னொரு வீடு, தீபாவளிக்கு நம் ஆட்கள். பெயிண்ட் அடிக்கிற கையோடு கார் நிறுத்தும் இடத்தையும் ஒரு சாண் ஏற்றிவிடுவார்கள். வெள்ளம் வருகிற ஊர், வேறென்ன செய்ய? ஏற்றியவர் வாசலில் நிற்காத தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது.

எங்கள் வரிசையின் கடைசி மூன்று வீடுகளில் மேட்டில் இருப்பவர் ஒரு சீன அங்கிள். நடுவில் நாங்கள். பள்ளத்தில் மலாய்க்கார அக்கா. அங்கிள் புத்தாண்டுக்கு வாசலை உயர்த்தினார். அடுத்து வந்த பெருமழையில் எங்கள் செருப்பெல்லாம் மிதந்தது. என் கணவர் அன்றைக்கே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

"தீவாளிக்குள்ள ஏத்திரணும். அங்கிள் வீட்டவிட ஒசரமா."

"அப்ப அக்கா வீடு?"

"அவங்களும் ஏத்திக்கட்டும் லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். முன்கூடத்தில்தான் அவர் கட்டில். சாயங்காலம் அக்கா அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, கேட்டருகே கொண்டுவந்து விடுவார். தெருவை வேடிக்கை பார்ப்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம். வாசலை உயர்த்தினால் நாற்காலி தெருவுக்கு இறங்காது என்று அக்கா உயர்த்தவே இல்லை. ஆனால் கூடத்துக்குள் தண்ணீர் வரத் தொடங்கியதும், கட்டில் கால்களுக்குச் செங்கல் அடுக்கினார். அவ்வளவு உயரத்திலிருந்து அவரை இறக்க அக்காவால் முடியவில்லை. மனிதர் வெளிச்சம் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது.

அடுத்த மழைக்குக் காத்திருந்தேன். சாமி மேடையில் வாடிக்கிடந்த மாலைகளைப் பிய்த்து, குடையோடு இறங்கினேன். அங்கிள் கேட்டருகே சாக்கடைத் தண்ணீரில் மஞ்சள் சாமந்தியை விட்டேன், எங்கள் கேட்டருகே சிவப்பு அரளியை.

"என்னா, லொங்காங்குக்குப் பூசையா?" என்று கணவர் வாசலில் நின்று சிரித்தார்.

"சும்மா பாருங்க."

சாக்கடை நிரம்பி வழிந்தது. பூக்கள் கொஞ்சம் சுற்றி, தயங்கி, பிறகு ஒரே திசையில் நகர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் கலந்து அக்கா வீட்டு நிலைவாசலில் போய் ஒட்டிக்கொண்டன. அக்கா உள்ளே துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

கான்ட்ராக்டர் வந்து அளவெடுக்க ஆரம்பித்தார். "எவ்ளோ ஏத்தணும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏத்த வேணாம் boss. ஒடைங்க. சிமெண்ட எடுத்துட்டு நல்லா பள்ளம் தோண்டி, கல்லு, மணலு, அதுக்கு மேல மண்ணு போடுங்க. தண்ணி கீழ எறங்கட்டும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் தலையைச் சொறிந்தார்.

"பாதி மட்டும் ஒடைங்க. காரு நிக்கணும்ல."

தீபாவளிக்கு வந்த நாத்தனார் சேற்றில் கால் வைத்துவிட்டு, "பண்டிகைக்கு வாசல ஒடச்ச ஒரே ஆளு நீதான்" என்று காலைக் கழுவினாள். போகட்டும், முறுக்கு நன்றாக இருந்தது என்றும் அவள்தான் சொன்னாள்.

ஆண்டுக் கடைசியில் பெரிய மழை கொட்டியது. எங்கள் பள்ளம் குளமாகி, மெல்ல மெல்ல உள்வாங்கியது. நான் மதிலுக்கு ஓடினேன். அக்கா ஜன்னலில் நின்று, "ஆயேர் தாக் மாசோக்!" என்று கத்தினார், தண்ணீர் உள்ளே வரவில்லையாம். நிலைவாசலோடு நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அக்கா செங்கல்லை எடுக்கவில்லை. அங்கிள் வீட்டுத் தண்ணீர் இன்னும் முழுசாக வருகிறதே, இதைவிடப் பெரிய மழை பெய்தால் என்ன செய்வது என்றார். நியாயம்தான்.

அங்கிளிடம் போய்ச் சொன்னேன். பூ விட்டுப் பார்த்த கதையையும் சொன்னேன். "மழைய நிக்கச் சொல்லு லா, என் சிமெண்டு என்ன செஞ்சிச்சு?" என்று கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் கேட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

சீனப் புத்தாண்டு மறுபடி நெருங்கியது. ஒரு நாள் காலை அவர் வாசலில் டிரில் சத்தம். மறுபடியும் ஏற்றுகிறார், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று கொண்டையை முடிந்துகொண்டு போனேன். சிமெண்டு துண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கடியில் கறுப்பு மண் தெரிந்தது.

"வீட்டுக்காரி லீமாவ் மரம் நடணும்ங்கிறா" என்றார் அங்கிள், என் முகத்தைப் பார்க்காமல். ஓர் எலுமிச்சைக்குப் பாதி வாசலையே உடைத்திருந்தார்.

முடிந்த கொண்டையை அவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு இரவெல்லாம் வெளுத்து வாங்கிய மழை ஒன்று வந்து போனது, அக்கா கூடத்தில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா, கட்டில் கால்களுக்கு வைத்திருந்த செங்கல்களை மதிலுக்கு மேலாக ஒவ்வொன்றாக நீட்டினார். செடிக்கு வரப்பு கட்ட உதவுமாம். கை நிறைய வாங்கிக்கொண்டு அவர் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் கணவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மணி அடித்துக்கொண்டு போன ஐஸ்கிரீம்காரர் மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.